செல்லம்மாவின் கைராசி

என் மனைவியின் உண்மையான பெயரை அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். வாசல் காவலாளி முதல் தலைமை விஞ்ஞானி வரை எல்லோருக்கும் அவள் செல்லம்மா. செல்களைப் பார்த்துக்கொள்கிற அம்மா, அதனால் செல்லம்மா. கல்யாணமான புதிதில் நான் "செல்லம்" என்று கூப்பிட்டால், "என்ன இது, பஸ்ஸுல ஆள் ஏத்தற மாதிரி கத்தறீங்க" என்று முறைப்பாள். கூடத்தில் எவனோ ஒருவன் "செல்லம்மா!" என்றால் மட்டும் "இதோ வந்துட்டேன்" என்று ஓடுகிறாள். இந்த அநியாயத்தை இருபத்தாறு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தேன் என்று சொல்ல வேண்டும்; அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். முன்னால் போகிறவன் விளக்கு போடாமல் திரும்பினால் அவன் பரம்பரையையே விசாரித்துவிடுவேன். அவளுக்குக் கோபமே வராது. வராததுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

அவள் வேலை செய்யும் அறையை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, தலைக்கு வலை போட்டு, கையில் ஸ்பிரிட் அடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மூலையில் முப்பத்தேழு டிகிரி சூட்டில் ஒரு பெட்டி. அதற்குள் தட்டையான பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்குள் ரோஸ் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் மனிதத் தோலின் செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்கின்றனவாம்.

"எங்கே, எனக்கு ஒண்ணுமே தெரியலையே?" என்றேன்.

"உங்களுக்கு ரோட்டுல சிவப்பு விளக்கே தெரியாது" என்றாள்.

ரோஸ் தண்ணீர் மஞ்சளாகத் திரும்பினால் செல்லுக்கு ஆகாரம் தீர்ந்து அழுக்கு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அதற்கு நாள் கிழமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேப்பரை விரித்தால் அவள் கைப்பையை மாட்டிக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "லீவு நாள்ல கூட அதுங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பசிக்குமா, பசிக்காதா?" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மற்றவர்கள் கைபட்டால் செல் பூஞ்சை பிடிக்கும், ஒட்டாமல் மிதக்கும், காரணமே இல்லாமல் செத்துப்போகும். இவள் கைபட்டால் பிழைத்துக்கொள்ளும். "செல்லம்மாவுக்குக் கைராசி" என்று கூடமே சொல்லும். வேறு அறைக்காரர்கள்கூட சாகக் கிடக்கிற குப்பியைத் தூக்கிக்கொண்டு இவளிடம் ஓடி வருவார்களாம். வீட்டில் அவள் வைத்த ஒரு கறிவேப்பிலைச் செடிகூடப் பிழைத்ததில்லை என்பதையும் இங்கே நான் பதிவு செய்துவிடுகிறேன்.

செல்லை வளர்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதில் எத்தனை செத்தது, எப்படிச் செத்தது என்று எண்ணுவது. எப்படிச் செத்தால் என்ன, சாவு சாவுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள்.

"செல்லு ரெண்டு விதமாச் சாகும். ஒண்ணு, வெளியிலேர்ந்து அடி விழுந்து, ஊதி, வெடிச்சுச் சாகறது. உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய கொட்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் எரிச்சல். இன்னொண்ணு, 'இனிமே நான் இருந்து பிரயோஜனம் இல்ல'ன்னு அதுவே முடிவு பண்றது. மெதுவாச் சுருங்கி, தன் சாமான் செட்டையெல்லாம் சின்னச் சின்ன மூட்டையாக் கட்டி, மேல ஒரு அடையாளமும் ஒட்டி வெச்சுட்டுப் போகும். பக்கத்துல இருக்கிற செல்லு அதைப் பாத்து, மூட்டையைத் தின்னு சுத்தம் பண்ணிடும். ஒரு சத்தம் இருக்காது."

இந்த இரண்டுக்கும் விஞ்ஞானிகள் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். இவள் வைத்த பெயர் வேறு. வெடித்துச் சாவது 'சொல்லாமப் போனது'. மூட்டை கட்டிக்கொண்டு சாவது 'சொல்லிக்கிட்டுப் போனது'. "யார் வீட்டுக்காவது போனா, கிளம்பும்போது சொல்லிக்கிட்டுத்தானே கிளம்பறோம்?" என்பது அவள் நியாயம். நோட்டில் சுருக்கி எழுதலாம் என்று பார்த்தால் இரண்டுமே 'சொ.போ.' ஆகிவிட்டது. ஒரு மாதம் குழம்பிய பிறகு, சொல்லிக்கொண்டு போனதைப் பச்சை மையிலும் சொல்லாமல் போனதைச் சிவப்பு மையிலும் எழுத ஆரம்பித்தாள். செல்லுக்குப் போடுகிற சாயமும் அப்படித்தானாம்: அடையாளத்தில் பச்சை ஒட்டும், வெடித்த செல்லுக்குள் சிவப்பு புகுந்துவிடும்.

"சொல்லிக்கிட்டுப் போறது நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன்.

"இடத்தைப் பொறுத்தது. அம்மா வயித்துல உங்க காலு முதல்ல துடுப்பு மாதிரிதான் இருந்திருக்கும். நடுவுல இருந்த செல்லெல்லாம் சொல்லிக்கிட்டுப் போனதாலதான் அஞ்சு விரலாப் பிரிஞ்சுது. போகக் கூடாத இடத்துல போனா நஷ்டம். போக வேண்டியது போகாம அடம் பிடிச்சா அதுவும் வியாதிதான்."

அந்தக் காலில்தான் வினை வந்தது. எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. டிப்போவில் கொடுத்த புது ஷூ வலது கால் கட்டைவிரலைக் கடித்தது. சர்க்கரைக்காரனுக்குக் காலில் வலி தெரியாது. ரத்தம் காலுறையை நனைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரு கொப்புளம், பிறகு ஒரு புண், பிறகு ஒரு குழி. ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, எந்த மருந்துக்கும் மசியாத கிருமி குடியேறியிருக்கிறது என்றார்கள். ஆறு வாரத்தில் ஆறவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டும், அதற்கு மேலும் போகலாம் என்றார் டாக்டர். பஸ்ஸில் பிரேக் மிதிப்பது வலது கால். கட்டைவிரல் இல்லாதவனுக்கு யாரும் ஐம்பது உயிரை நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

நான் ஆடிப்போய்விட்டேன். அவள் மட்டும் ஒரு நம்பிக்கையோடு இருந்தாள். காரணம் அவள் அறையிலேயே இருந்தது.

நம் தோல் தானாகவே கிருமிக்கு எதிராகச் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளைத் தயாரிக்கிறதாம். பெப்டைடு என்று பெயர். கிருமியின் மேலுறையில் ஓட்டை போட்டுவிடும். மற்ற மருந்துகளை ஏமாற்றுகிற கிருமிகூட இதனிடம் சுலபமாகத் தப்பாது. கூடத்தில் அதைக் கொஞ்சம் மாற்றி, இன்னும் வலுவாகச் செய்து, புண்ணுக்குத் தடவும் களிம்பாக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு சந்தேகம். கிருமியை ஓட்டை போடுகிற பொருள் நம் செல்லை என்ன செய்யும்? வெடிக்க வைக்குமா? அல்லது சும்மா இருக்கிற தோல் செல்லிடம் போய், 'நீயும் கிளம்பு' என்று சொல்லிவிடுமா? ஆற வேண்டிய புண்ணில் தோல் செல்லெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டால் புண் ஆறுவது எப்படி?

அதை எண்ணுவதுதான் செல்லம்மாவின் வேலை. ஆறு மாதம் எண்ணினாள். பச்சையும் குறைவு, சிவப்பும் குறைவு. வலுவான அளவில் போட்டாலும் தோல் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற சோதனைகளெல்லாம் முன்பே முடிந்திருந்தன. எவ்வளவு வலுவாகத் தடவலாம் என்பதை அவள் எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் இருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் கிடைத்தது. என் புண்ணைப் பார்த்த டாக்டர் என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். ஏழாம் இடம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவவும் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

களிம்பு தொடங்க இன்னும் ஒன்பது நாள். என்னைக் கட்டு மாற்றக் கூட்டிப்போக அவள் ஒருநாள் லீவு போட்டாள். கடைசியாக ஒருமுறை செய்து பார்க்க வேண்டிய எண்ணிக்கையைப் பக்கத்து அறைக்காரர் செய்தார். அவருக்குக் கூடத்தில் 'அட்டவணை' என்று பெயர். தாளில் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து செய்வார். மூன்று நிமிடம் என்றால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம். அவர் செய்ததில் தோல் செல்கள் ஆயிரக்கணக்கில் செத்திருந்தன. எல்லாம் பச்சை.

"அட்டவணைக்குக் கைராசி இல்ல" என்று கூடமே சிரித்ததாம். தலைமை விஞ்ஞானி, இவர்கள் மேடம் என்கிற அம்மாள், எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டு, செல்லம்மா வந்து திரும்பச் செய்யட்டும் என்றிருக்கிறார். மறுநாள் போன செல்லம்மா அவர் எண்ணிய செல் தட்டைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, தப்பு அவர் மேல இல்ல. என் மேல."

மருந்து போடுவதற்கு நாலு மணி நேரம் முன்பிருந்து செல்லுக்கு ஆகாரத்தில் சீரம் சேர்க்கக் கூடாது என்று தாளில் இருக்கிறது. சீரம் என்றால் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுக்கிற தெளிவான நீர். செல்லுக்கு அதுதான் சத்து. அது இல்லாவிட்டால் செல் முகம் வாடிவிடுமாம். முகம் என்று அவள்தான் சொன்னாள். அதனால் இவள் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் ஊற்றிவந்திருக்கிறாள். இருபது வருடமாக. யாருக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை.

"ஏன் எழுதல?"

"உப்பு எவ்வளவு போடறேன்னு எழுதி வெச்சா சமைக்கிறோம்? வெறும் வயித்தோட வேலை வாங்க மனசு வரலைங்க. ஒரு வாய் கொடுத்தேன். அவ்வளவுதான்."

மற்ற மருந்துகளில் அந்த ஒரு வாய் எதையும் கெடுக்கவில்லை. பெப்டைடு அப்படி இல்லை. சீரத்தில் இருக்கிற புரதங்கள் அதை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்; செல்லைத் தொடவே விடாது. ஆறு மாதமாக அவள் எண்ணியது மருந்து தொட்ட செல்லை அல்ல. கைராசி கைராசி என்று எல்லோரும் கொண்டாடினார்களே, அது அந்த இரண்டு பங்கு சீரம்.

"இப்ப என்ன ஆகும்?" என்றேன்.

"மேடம்கிட்ட சொன்னா எல்லா எண்ணிக்கையும் தள்ளுபடி. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எட்டு மாசம் ஆகும்."

எனக்கு இருந்தது நாலு வாரம். கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துதான் மத்தியானமே வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் அவளிடம், "சொல்லாதே" என்றேன். "நீ சொல்லாட்டா யாருக்குத் தெரியும்? அட்டவணை தப்பு பண்ணிட்டான்னே இருக்கட்டும். என் காலை நினைச்சுப் பாரு" என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். அவள் எழுந்து போய் என் கட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, துணி துவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது, "போயிட்டு வரேங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே மேடம் அறையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அட்டவணையையும் கூப்பிடச் சொல்லி, அவர் செய்ததுதான் சரி என்று அவர் முன்னாலேயே சொன்னாளாம். மேடம் அவள் நோட்டை வாங்கிப் புரட்டினாராம். பிறகு, "எந்தெந்த நாள்ல சீரம் ஊத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "எல்லா நாளும்" என்றிருக்கிறாள் இவள். ஆறு மாத எண்ணிக்கை ஒரே கோட்டில் அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போயிற்று. இருபது பேருக்கும் களிம்பு இல்லை. செல் அறைச் சாவி மூன்று மாதத்துக்கு அட்டவணையிடம் போயிற்று.

நான் அவளோடு பதினோரு நாள் பேசவில்லை. அவள் வழக்கம்போலப் பேசினாள். காலைக் கழுவி, கட்டு மாற்றி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு விழுங்கினேன். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த பெரிய சின்னத்தனம் அதுதான்.

நாலாம் வாரமே விரல் கறுத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள். எனக்குக் காலுக்கு வந்தது இரண்டு விரலோடு போயிற்று. ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து வாயில் ஒன்றும் படக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். எனக்கு நாக்கு வறண்டு போயிற்று. பதினோரு நாளும் முடிந்து, வீறாப்பும் முடிந்து, முதல் தடவையாக அவளிடம் வாய் திறந்தேன்.

"ஒரு வாய் தண்ணி குடேன்."

"முடியாதுங்க. எழுதியிருக்கு."

"உதட்டை நனைச்சுக்கிறேன். அவ்வளவுதான்."

அவள் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போய் நர்ஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். என் மேல் ஒரு துளி இரக்கத்தைக் காட்டாமலிருக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது "போயிட்டு வரேம்மா" என்று சொன்னேன்.

இப்போது டிப்போவில் நேரம் குறிக்கிற மேஜை எனக்கு. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிறேன். ஷூவுக்குள் ஒரு பஞ்சு அடைத்து நடக்கிறேன். டிரைவர்கள் தாமதமாக வந்தால் பழையபடி கத்துகிறேன். அந்த உறுப்புக்கு ஒரு சேதமும் இல்லை.

எண்ணிக்கை திரும்ப நடந்தது. சாவி அவளிடம் திரும்பி வந்த பிறகு அவளும் அட்டவணையுமாகச் சேர்ந்தே எண்ணினார்கள். சீரம் இல்லாமல் ஒரு தட்டு, சீரத்தோடு ஒரு தட்டு. ஏற்கெனவே தீர்மானித்திருந்த அளவில், சீரம் இல்லாத தட்டில் தோல் செல்கள் கும்பல் கும்பலாகச் சொல்லிக்கொண்டு போயின. அந்த அளவில் கால் பங்கு போட்டால் கிருமி சாகிறது, தோல் செல் பிழைக்கிறது. இனிமேல் களிம்பு அந்தக் கால் பங்கில்தான். அதைச் சொல்லும்போது அவள் முகம் பூரித்துப் போயிருந்தது.

"அப்ப, அன்னைக்கு அந்தக் களிம்பை எனக்குத் தடவியிருந்தா தோலே போயிருக்கும்" என்றேன், ஆறுதலுக்கு.

இன்னொருத்தியாக இருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். எனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. இவள் யோசித்தாள்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. புண்ணுல ஊறற நீர்லயும் சீரம் மாதிரி புரதம் இருக்கும். அது மருந்தைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சிருக்கலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாம புண்ணு ஆறியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. தெரியாது."

பொய் சொல்லத் தெரியாத ஒரு மனுஷியை எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தேன்.

"விரல் போனது எனக்குப் பெரிசில்லம்மா. அன்னைக்கு உன்னைச் சொல்லாதேன்னு சொன்னேனே. அட்டவணை தலையில பழியைப் போடச் சொன்னேனே. அதை நினைச்சாத்தான் உன் முகத்தைப் பாக்க முடியல. மன்னிச்சிடு."

அவள் குப்பியில் தண்ணீர் மஞ்சளாகிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதைச் சொன்னீங்க?"

"அன்னைக்கு மத்தியானம். நீ வந்து உக்காந்தப்போ."

"ஓ, அன்னைக்கா? நீங்க என்னவோ பேசினீங்க. குக்கர் விசிலடிச்சிட்டே இருந்துச்சுல்ல, எனக்கு ஒண்ணும் காதுல விழல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நாங்கள் அடுப்பே பற்றவைக்கவில்லை. கடையில் வாங்கிய ரொட்டியைத்தான் தின்றோம்.